வாக்லி வராத கரை

எங்கள் அச்சரப்பாக்கத்தின் பெயருக்குள் ஒரு தேர் நிற்கிறது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை வணங்காமல் கிளம்ப, தேரின் அச்சு இங்கே இற்றுப்போனது என்பது தலபுராணம். தேர் போய் எத்தனையோ காலம். பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகை வரை வந்துவிட்டது.

தாத்தாவின் பெயரைத் தாங்குபவனைத்தான் பெயரன், பேரன் என்றோம். நம் கடற்படையிலும் பேரன்கள் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, தியூ அருகே போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. தப்பிக்க வழியிருந்தும் அதன் கேப்டன் முல்லா கப்பலோடு போனார். 1989-ல் இன்னொரு குக்ரி பணியில் சேர்ந்தது. 1997-ல் ஓய்வுபெற்ற விக்ராந்தின் பெயரை, கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் 2022 முதல் சுமக்கிறது.

நான் இன்று பேச வந்தது நீர்மூழ்கிகளைப் பற்றி. 1967 முதல் 1974 வரை சோவியத் நாட்டிலிருந்து எட்டு நீர்மூழ்கிகள் வாங்கினோம். கல்வாரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா, வேலா, வாகீர், வாக்லி, வாக்‌ஷீர். கல்வாரி என்றால் மலையாளத்தில் புலிச்சுறா. வேலா, திருக்கை இனத்து மீன். நம் மீனவர் சொல்லும் 'வேளா' காதில் கேட்கிறதல்லவா? 2017 டிசம்பரில் புதிய கல்வாரி தொடங்கி, 2025 ஜனவரியில் வாக்‌ஷீர் வரை, மும்பை மசகான் தளத்தில் கட்டிய ஆறு புதிய நீர்மூழ்கிகளுக்கும் பழைய பெயர்களையே வைத்தார்கள்.

எட்டில் ஆறு போக மிச்சம் இரண்டு. குர்சுராவுக்குக் குறையில்லை. 2002 முதல் விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. தொண்ணூறு மீட்டருக்கு மேல் நீண்ட அதன் வயிற்றுக்குள் பிள்ளைகள் குனிந்து குனிந்து நடக்கிறார்கள்.

வாக்லிக்கு 2010 டிசம்பரில் விடை கொடுத்தார்கள். அதை நம் மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்குவது என்று திட்டம். சென்னைத் துறைமுகம் வரை இழுத்தும் வந்தார்கள். அங்கேயே ஆண்டுகள் ஓடின. மாமல்லபுரத்துக்கு அது வரவேயில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்த அந்தக் கலத்துக்கு நம் கரையில் இடமும் கிடைக்கவில்லை, அதன் பெயருக்கு ஒரு பேரனும் பிறக்கவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்து வரும் நீர்மூழ்கி ஒன்றுக்கு அந்தப் பெயரை வையுங்கள். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறி நிற்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் கடலைக் காட்டி, "அந்தத் தண்ணிக்கு அடியில எங்கயோ நம்ம வாக்லி போய்க்கிட்டிருக்கு" என்று ஓர் ஆசிரியர் சொல்லட்டும்.