பழைய வண்டியின் முன்சக்கரங்கள்

(அண்ணாமலை நகரில் கூடிய சரக்கு வண்டி ஓட்டுநர்களிடையே ஆற்றிய உரை)



1952 அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில், கிராமங்களை நாடிச் சென்ற வாகனம் ஜீப். இன்று பரங்கிப்பேட்டை மீனையும் புவனகிரிப் பக்கத்துக் காய்கறியையும் நெல் மூட்டையையும் சுமப்பவை சிறிய பிக்கப் வண்டிகள். அவற்றுள் பல, கடன் பெற்று வாங்கிய பழைய வண்டிகள். முன்டயர் அகாலத்தில் தேய்ந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் வருவாய் அதிலேயே போய்விடும். கான்சாகிப் வாய்க்கால் கரையில் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாயின் உயிருக்கே ஆபத்து.

அந்நாளைய ஜீப்பில் இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு தாங்கியது. இக்காலப் பிக்கப்புகள் பலவற்றில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசைகிறது. ஆதலின் ஒரு பக்கம் மட்டும் நிலை குலைய இடமுண்டு. பட்டறைக்குச் செல்லுமுன் நாமே செய்யத்தக்க சோதனைகள் சில உள.

முதலாவது, டயரைப் பாருங்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வையோ நேர்நிலையையோ ஐயுற வேண்டும். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் அரம்போன்ற கூர்மையும் தென்பட்டால், சக்கரங்கள் முன்புறம் அளவுக்கு மிஞ்சி நெருங்கியோ விலகியோ உள்ளன என்று கொள்ளலாம். காற்றைச் சரிசெய்த பின்னும் வண்டி இழுத்தால், இரு முன்டயர்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில் உள்ளது.

இரண்டாவது, சமதரையில் வெற்று வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பின் கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சக்கரத்தருகே தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இடமும் வலமும் பெரிதும் வேறுபட்டால் ஒரு பக்கத்து உறுப்பு வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறது.

மூன்றாவது, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் முன்புறத்தைத் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லலாகாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில். நில்லாவிடில் பால் ஜாயின்டிலோ கிங் பின்னிலோ எனக் கருதலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராடு முனையைப் பாருங்கள்.

திருத்துவதற்கும் முறை உண்டு. தேய்ந்த உறுப்பை முதலில் மாற்றவேண்டும், அதன்பின் சாய்வு, முன்புற நெருக்கத்தை இறுதியில்தான் சரிசெய்யவேண்டும். சாய்வை மாற்றினால் நெருக்கமும் மாறிவிடும். உறுப்பு ஆடிக்கொண்டிருக்கையில் அலைன்மென்ட் செய்வதும், அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் போடுவதும் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

ஓர் அளவு நாடாவும் ஒரு தூக்குக்குண்டும் ஊருக்கு ஊர் கிடைப்பவை. அளந்தவற்றை நோட்டில் குறித்துப் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். வேண்டாத செலவு குறையும். வண்டியும் அதனை நம்பிய குடும்பமும் நேர்வழியில் செல்லும்.