உழைப்பு மாறியது, தட்டு மாறவில்லை



கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைப் பயிர் தொடங்கியது. இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பெற்றோர், விடியுமுன் எழுந்து நண்பகலுக்குள் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்தார்கள். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறும் சீனி போட்ட தேநீரும் தேவைப்பட்டன.

இன்று நம்மில் பலர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறோம். உட்கார்ந்த இடத்திலேயே நாளைக் கழிக்கிறோம். ஆனால் தட்டு மட்டும் மாறவில்லை. உடல் செலவிடாத மாவும் சீனியும் கொழுப்பாகச் சேர்கின்றன. நாளடைவில் நீரிழிவு வருகிறது. அது கண், சிறுநீரகம், கால் மூன்றையும் கெடுக்கும். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டுப் பெரியவர்களில் நீரிழிவு உள்ளோர் 100-க்கு 18 பேர்; இந்தியர்களிலோ 31 பேர்.

சோற்றை அறவே விட வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் அளவு எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். வீட்டோர முருங்கைக்கீரைக்குச் செலவே இல்லை. டின்பால் தேநீரைக் குறைப்போம்.

வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம் விரைந்து நடப்போம். தோட்டத்துத் திடலே போதும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு புக்கிட் மெலாவத்தி ஏறலாம். 30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வோம். மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும்.

இன்று மாலையே நடக்கத் தொடங்குவோம்.