கயானா செல்லும் மாணவர்க்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே எழுத்தராகிய நாம் மெட்ரிகுலேஷன் வரையே படித்தோம், கடல் கடந்ததுமில்லை. ஊர் ஊராகப் பயணச்சீட்டு எழுதிக் கொடுப்பவன் ஓரூரும் காணாதிருப்பது உலக வழக்கே. எனினும், அயல்நாடு செல்லும் மாணவர்க்குச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மாணவர் பலர் மருத்துவம் பயில இந்நாளில் தென் அமெரிக்காவிலுள்ள கயானாவுக்குச் செல்வதால், அந்நாட்டையே எடுத்துக்கொண்டோம்.

அங்கே செல்லும் மாணவன் முதலில் காண்பது நிலத்தை. கடற்கரைப் பகுதி கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தது. டச்சுக்காரர் காலத்தில் தொடங்கிய கரைகளும் மதகுகளுமே ஊரைக் காக்கின்றன. அத்தாழ்நிலத்தில் கரும்பும் நெல்லும் விளைகின்றன.

அக்கரும்புக்காகவே நம்மவர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அடிமை முறை ஒழிந்தபின், 1838 மே 5ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து இரு கப்பல்கள் முதல் ஒப்பந்தக் கூலிகளுடன் சென்று சேர்ந்தன. 1917 வரை சென்றோர் ஏறத்தாழ 2,39,000 பேர். அவருள் சென்னையில் கப்பலேறியோர் சிறு பகுதியினரே. தமிழரும் தெலுங்கரும் ஒரே கப்பலில் சென்றனர். அங்கே இருவருக்கும் ‘மதராசி’ என்னும் ஒரே பெயர் கிடைத்தது. இங்கே யார் எவர் என்று வழக்காடுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்!

பெர்பிஸ் பகுதிக் கோயில்களில் இன்றும் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது. மதுரைவீரனும் முனீசுவரனும் காட்டேரியும் உடனிருக்கின்றனர். தப்பு முழங்குகிறது. பாட்டும் தமிழ்ப்பாட்டே, ஆனால் பாடுவோர் பலர்க்கு அதன் பொருள் தெரியாது. பெயர்களும் நிலைத்துள்ளன: 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராயிருந்தவர் மோசஸ் நாகமுத்து. பெயர் நின்றது, தெய்வம் நின்றது. பேச்சு மட்டும் போய்விட்டது.

ஆயினும், மாணவன் தன் இனத்தாரைக் கண்ட மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. அந்நாட்டில் ஆப்பிரிக்க மரபினர் உளர். அவர்க்கும் முன்னரே வாழ்ந்த தொல்குடியினர் ஒன்பது இனத்தார் உளர். அத்தொல்குடியினர் நஞ்சுள்ள கசப்பு மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, அச்சாற்றை நெடுநேரம் காய்ச்சி நஞ்சகற்றிக் குழம்புக்கு ஆக்குவர். அவ்விறைச்சிக் குழம்பையே இன்று நாடெங்கும் கிறிஸ்துமஸ் காலையில் உண்கின்றனர். பிப்ரவரி 23இல் ‘மஷ்ரமானி’ என்னும் குடியரசு விழா. பலர் கூடி உழைத்து முடித்தபின் கொண்டாடுவது என்பது அச்சொல்லின் பொருள் என்பர். நடவு முடித்து விருந்துண்ணும் நம் உழவர்க்கு இது புதிதா? நோயாளியின் உணவையும் வழக்கத்தையும் அறியாதவன் எவ்வாறு நல்ல மருத்துவனாவான்?

பிறர் பண்பாட்டைக் கற்பது தாழ்வன்று. இந்த நாகலாபுரமே அதற்குச் சான்று. தம் தாயார் நாகலாம்பாள் பெயரால் இவ்வூரை அமைத்து வேதநாராயணர் கோயிலையும் எழுப்பியவர் எனப் போற்றப்படும் கிருஷ்ணதேவராயர், தமிழகத்து ஆண்டாளின் வரலாற்றை ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியமாகப் பாடினார். அரசர் கற்றார், நாம் கற்றலாகாதா?

இனி நம் வீட்டுச் செய்தி. பாட்டுப் போட்டிக்கு வந்த நம் காலனிச் சிறுவர் சிலர், தமிழ்ப்பாட்டைத் தெலுங்கெழுத்தில் எழுதி வைத்துப் பாடுவதைக் கண்டோம். பாட்டு இனிதே, நெஞ்சந்தான் சற்றுக் கலங்கியது. கயானாவிலும் மொழி ஒரே நாளில் போகவில்லை. முதலில் எழுத்துப் போயிற்று. பிறகு பேச்சுப் போயிற்று. ஒலி மட்டும் கோயிலில் எஞ்சியது. அங்கே கூலி வேலையின் களைப்பில் கற்பிப்பாரில்லை; இங்கே நமக்கு அச்சாக்கு இல்லை.

நம் பிள்ளைகள் தெலுங்கை இலக்கணத்தோடு கற்கட்டும்; அது நமக்குச் சோறிடும் நாட்டின் மொழி. மாலையில் அரைமணி நேரம் தாய்மார் தமிழெழுத்தும் கற்பிக்கட்டும். தன் மொழியை அறிந்தவனே பிறர் மொழியின் அருமையும் அறிவான். அத்தகைய மாணவன் கயானா சென்றால், அங்குள்ள முதியவர் பாடும் பாட்டின் பொருளை அவர்க்கே எடுத்துச் சொல்வான். அவர் நாட்டின் கதையை அவரிடமே கேட்டறிவான்.

அத்தகைய மாணவர் நம் காலனியிலிருந்து புறப்படுக!