நன்றி மறவாத பந்துவீச்சாளர்



தாமிரபரணிக் கரையூர்களில் அறுவடை முடிந்த வயல்கள் சிறுவர்களின் ஆடுகளமாகிவிடும். மட்டையும் டென்னிஸ் பந்தும் இருந்தால் போதும். பொழுது சாயும்வரை ஆரவாரம் ஓயாது. சங்கர் நகர் மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடைபெற்றமையால், தேர்ந்த ஆட்டக்காரர்களை நேரிற் காணும் வாய்ப்பும் நெல்லைச் சிறுவர்க்குக் கிட்டியது. ஆயினும், வயலிலிருந்து மைதானத்துக்குச் செல்லும் வழி நெடியது. ஏழைச் சிறுவன் ஒருவன் துணையின்றி அதனைக் கடத்தல் அரிது.

அவ்வழியைக் கடந்தவர் தங்கராசு நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991இல், அன்றாடக் கூலியில் வாழ்ந்த குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். ஏறத்தாழ இருபது அகவைவரை டென்னிஸ் பந்திலேயே ஆடிவந்தார். அவ்வூர் ஜெயப்பிரகாஷ் அவரது திறனைக் கண்டறிந்து சென்னைக்கு வழிகாட்டினார். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார்; உடனே அவர் பந்துவீசும் முறை ஐயத்துக்கு உள்ளாயிற்று. பலர் அவ்விடத்தே ஓய்ந்துவிடுவர். நடராஜனோ முறையைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தார். வழிகாட்டியின் பெயரெழுத்துகளைத் தம் பெயரோடு சேர்த்து ஆட்டச் சட்டையில் பொறித்துக்கொண்டார்.

2020இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சிக்குப் பந்துவீசுபவராகவே தேர்வானார். டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டம், 4இல் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேன் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். இந்தியா வென்ற அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்.

புகழ் வந்தபின் ஊரை மறந்தோர் உண்டு. நடராஜன், ஜெயப்பிரகாஷுடன் இணைந்து, சொந்த ஊரிலேயே கிராமப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடம் அமைத்தார். அவ்வூர்ப் பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தியபோது, அப்பணியின் பயன் ஊரறிய விளங்கியது. 2023 ஜூன் 23இல் சின்னப்பம்பட்டியில் நடராஜன் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார்.

ஆசான் செய்த உதவியை ஆசானுக்கே திருப்பியளித்தல் இயலாது. அடுத்த தலைமுறைக்கு அளிப்பதே அதற்குரிய கைம்மாறு. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள், திறனுள்ள பிள்ளைக்குப் பயிற்சியளித்தல் கல்வித் தானமேயாகும். அவன் தளர்ந்த நாளில் உடன் நிற்றல் அடைக்கலமாகும். இவ்விரண்டுக்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நடராஜனைக் கண்டறிந்தபோது ஜெயப்பிரகாஷ் அளித்தவை, கூர்ந்து நோக்கும் கண்ணும் கைவிடாத மனமுமே. நெல்லையின் வயல்களில் இன்று மாலையும் பந்தெறியும் சிறுவர்கள் காத்திருப்பது அத்தகைய ஒருவருக்காகவே.

வாழ்க அறம்! வளர்க இளையோர்!