மீனின் வாயில் கிடைத்த காசு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மத்தேயு நற்செய்தி பதினேழாம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. மற்ற மூன்று நற்செய்திகளிலும் அது கிடையாது. ஞாயிறு வாசகமாகவும் வருவதில்லை. வார நாள் திருப்பலிக்கு வருகிறவர்கள் மட்டும் கேட்டிருப்பீர்கள். கப்பர்நாகுமில் கோவில் வரி தண்டுகிறவர்கள் பேதுருவை வழிமறித்து, உம் போதகர் வரி கட்டுவாரா மாட்டாரா என்று விசாரிக்கிறார்கள். பேதுரு யோசிக்கவே இல்லை, கட்டுவார் என்று சொல்லிவிடுகிறார். வீட்டுக்குள் போனதும் இயேசு முந்திக்கொண்டு அவரிடம் ஒரு கேள்வி போடுகிறார். அரசர்கள் வரி வாங்குவது சொந்தப் பிள்ளைகளிடமா, மற்றவர்களிடமா என்று கேட்கிறார். மற்றவர்களிடம்தான் என்றால் பிள்ளைகளுக்கு அந்தக் கடமை இல்லை. ஆனாலும் அவர்களுக்கு நாம் இடறலாக இருக்க வேண்டாம் என்று சொல்லி, பேதுருவைத் தூண்டில் போட அனுப்புகிறார். முதலில் சிக்கும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும், அதை இருவருக்குமாகச் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்.

இந்தக் காசைப் பற்றி எனக்கு வெகு நாளாக ஒரு வியப்பு. பேதுரு மீனவர். மீன் விற்று வரும் பணம் அவர் உழைப்பின் கூலி. ஆனால் மீனின் வாயில் இருந்த காசு கூலி அல்ல. தொழில் செய்கிற இடத்தில், தொழில் செய்யும்போதே, கணக்கில் இல்லாமல் கைக்கு வந்த காசு. அதிலிருந்துதான் வரி கட்டச் சொல்கிறார் ஆண்டவர்.

இதை எனக்கு நினைவுபடுத்தியவர் ஓர் ஓட்டல் பணியாளர். எங்கள் பங்கைச் சேர்ந்தவர். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் பதினோரு வருடமாகப் பரிமாறுகிறார். ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வந்தவர், கூட்டம் கலைந்த பிறகு பங்குப் பணியகத்துக்கு வந்து தயங்கி நின்றார். இப்போது சொல்லப்போவதை எல்லாருக்கும் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

"சாமி, ஒரு சந்தேகம். டிப்ஸ் காசுக்கும் வரி கட்டணுமாமே. ஜிபேயில வர்றதெல்லாம் வருமான வரிக்காரங்களுக்குத் தெரிஞ்சிருமாம், நோட்டீஸ் வருமாம். வாட்ஸப்புல போட்டிருக்கான். நான் இத்தனை வருஷமா கட்டினதே இல்ல. அது பாவமா சாமி?"

"மாசம் எவ்வளவு தம்பி வரும்?"

"சம்பளம் பதினாறாயிரம். டிப்ஸ் ஒரு மாசம் எட்டு வரும், ஒரு மாசம் பத்து வரும். ஒம்பதுன்னு வச்சுக்குங்க."

நான் வரி ஆலோசகர் அல்ல. குருமடத்தில் அறநெறி இறையியல் படிக்கும்போது வரியைப் பற்றி இரண்டு வகுப்பு நடத்தினார்கள், அவ்வளவுதான். அதனால் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரை மறுநாள் வரச் சொன்னேன்.

கேட்டு அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். முன்பெல்லாம் டிப்ஸ் என்றால் தட்டில் வைத்துவிட்டுப் போகும் காசு. கார்டில் பணம் கட்டும் வழக்கம் வந்த பிறகு அது பில்லோடு சேர்ந்து ஓட்டல் கணக்குக்குப் போய், அங்கிருந்து பணியாளருக்கு வந்தது. இதைப் பார்த்த வருமான வரித் துறை, முதலாளி கையிலிருந்து வருவதால் இதுவும் சம்பளம்தான், சம்பளத்தில் பிடிப்பதுபோல் இதிலும் வரி பிடித்திருக்க வேண்டும் என்று சொன்னது. டில்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஐ.டி.சி. உள்ளிட்ட ஓட்டல் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. 2016 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் குரியன் ஜோசப், ரோகிண்டன் நரிமன் இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். டிப்ஸ் கொடுப்பவர் வாடிக்கையாளர், முதலாளி அல்ல. ஆகவே அது சம்பளம் ஆகாது. ஓட்டல் அந்தப் பணத்தைப் பணியாளருக்காக வாங்கி வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே, அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிற பணியாளருக்கு அது வருமானம்தான். 'இதர வருமானம்' என்ற தலைப்பில் அவர்தான் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, நம் நாட்டுச் சட்டப்படி டிப்ஸுக்கும் வரி உண்டு. ஆனால் நம் தம்பியின் கணக்கைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மாதம் இருபத்தையாயிரம், வருடத்துக்கு 3 லட்சம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இருப்பவர்களுக்கு வரிச்சுமை வராதபடி தள்ளுபடி தந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றும் இல்லை. பாவமும் இல்லை.

மறுநாள் வந்தபோது இதைச் சொன்னேன். முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

போன வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது கொடுத்தார்கள். பதினாறாயிரத்தில் எழுபது சதவீதம் என்றால் பதினோராயிரத்து இருநூறு. இருபத்தையாயிரத்தில் ஓடிய குடும்பம் பதினோராயிரத்துக்கு இறங்கியது. பி.எஃப். பிடிப்பதும் சம்பளத்தை வைத்துத்தான்; டிப்ஸ் அதில் சேராது. மூத்த மகளை நர்சிங் சேர்க்க வங்கியில் கடன் கேட்டபோது, சம்பளச் சீட்டில் இருப்பதைத்தான் பார்ப்போம், டிப்ஸையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம்.

"வரின்னு வந்தா அது வருமானம். கடன்னு போனா அது வருமானம் இல்ல. காய்ச்சல்ல படுத்தா அது இருந்த மாதிரியே தெரியல. எது சாமி உண்மை?"

நேயர்களே, குருமடத்தில் இந்தக் கேள்விக்கு வகுப்பு எடுக்கவில்லை.

டிப்ஸுக்கு வரி கூடாது என்று பலர் பேசுகிறார்கள். அமெரிக்காவில் அது சட்டமாகவே வந்துவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் தொழிலாளர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அதைத் தம் வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025 முதல் 2028 வரை இந்தச் சலுகை. கேட்கும்போது ஏழைக்கு இரங்கிய காரியம்போல் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் இன்னொரு எண்ணும் உண்டு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். மீதியை டிப்ஸ் நிரப்பிவிடும் என்பது கணக்கு. (நிரப்பாவிட்டால், பொதுவான குறைந்தபட்சக் கூலி வரைக்கும் முதலாளி ஈடுகட்ட வேண்டும். சில மாநிலங்கள் இதைவிட நல்ல கூலி தருகின்றன.) அந்த 2.13 டாலர் 1991-இல் வைத்தது. இன்றுவரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. வரியைத் தள்ளுபடி செய்ய மனம் வந்தவர்களுக்குக் கூலியைத் தொட மனம் வரவில்லை.

அந்தச் சலுகையும் யாருக்குப் போகிறது? வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிறவருக்குத்தான் தள்ளுபடியால் லாபம். அடியில் இருப்பவர் ஏற்கெனவே வரி கட்டாதவர். அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. சமையற்கட்டுக்குள் நின்று பாத்திரம் கழுவுகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் முகத்தை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை, டிப்ஸும் இல்லை. பரிமாறுகிறவரும் அவரும் ஒரே தொகை சம்பாதித்தால் ஒருவருக்கு வரி, மற்றவருக்கு இல்லை என்பது என்ன நியாயம்? கொடுத்தவர் ஏற்கெனவே வரி கட்டிய பணம்தானே என்று சிலர் கேட்பார்கள். மளிகைக் கடைக்காரருக்கு நாம் கொடுப்பதும் அப்படிப்பட்ட பணம்தான். அதற்காக அவர் வருமானத்துக்கு வரி இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். டிப்ஸ் வருமானம்தான். வரம்பைத் தாண்டினால் மற்றவர்களைப்போல் வரி கட்டுவதுதான் முறை. நியாயமான வரியை ஏய்ப்பதைச் சங்கம், 'மகிழ்ச்சியும் எதிர்நோக்கும்' என்று தொடங்கும் ஏட்டிலேயே கண்டித்திருக்கிறது. வரி கட்டுவது மனச்சான்றின் கடமை என்று திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது. ஆனால் வருமானம் என்றால் எல்லா இடத்திலும் வருமானமாக இருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யிலும் பி.எஃபிலும் வங்கியிலும் இல்லாத ஒன்று, வரி அலுவலகத்தில் மட்டும் இருப்பதாகச் சொன்னால் அந்த ஏழை எப்படி நம்புவான்?

இதில் நாம் பெருமை பேச இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணிபுரியும் அருள்சகோதரிகள், அருள்பணியாளர்கள் ஆகியோரின் சம்பளத்தில் வரி பிடிக்கக் கூடாது என்று நாம் பல வருடம் வழக்கு நடத்தினோம். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், சம்பளம் சபைக்குப் போகிறது, அவர்கள் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பது நம் வாதம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சம்பளம் யாருக்குச் சேர்கிறதோ அவர் வரி கட்ட வேண்டும், பிறகு அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம் என்று ஆகிவிட்டது. அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. மத்தேயுவின் அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்த பிறகு அவ்வளவு இல்லை. பிள்ளைகளுக்கு வரி இல்லை என்று வாதாட உரிமை உள்ளவர் ஒருவரே. அவர் அந்த உரிமையைச் சொல்லிவிட்டு, காசை எடுத்துக் கட்டச் சொன்னார்.

மறுபடியும் கூலிக்கு வருகிறேன், ஏனென்றால் நோவு அங்கேதான் இருக்கிறது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ரேரும் நொவாரும் சுற்றுமடலில் சொன்னதன் சாரம் இது: தொழிலாளி ஒப்புக்கொண்டான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்கிறவன் வன்முறைக்கு ஆளானவனே. தொண்ணூறு ஆண்டு கழித்து, 1981-இல், புனித இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய தம் மடலில், ஒரு சமுதாயத்தின் பொருளாதார அமைப்பு நீதியானதா என்று சோதித்துப் பார்க்கக் கூலிதான் முக்கியமான உரைகல் என்று கற்பித்தார். கூலியைத்தான் சொன்னார்கள். நல்ல மனதுள்ள வாடிக்கையாளர் அன்று சாப்பிட வந்தாரா இல்லையா என்பதை உரைகல்லாக வைக்கவில்லை.

டிப்ஸ் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரூத்து கதையில் போவாசு தம் வேலையாள்களிடம், கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போட்டுவிட்டு வரச் சொல்கிறார். பொறுக்குகிற பெண்ணை அதட்டவும் வேண்டாம் என்கிறார். கொடுத்ததாகவே தெரியாமல் கொடுத்த மனிதர் அவர். கொடுங்கள், அப்படிக் கொடுங்கள். கார்டில் கொடுத்தால் அது பணியாளருக்குப் போய்ச் சேருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் அறுவடைக்காரர்களின் கூலியைப் பிடித்துக்கொண்டு போவாசு அந்தக் கதிர்களைப் போடவில்லை.

இதைத் தயாரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மாலை எங்கள் கோயில்பிள்ளை திருவுடை அறையில் மெழுகுதிரித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம் முன்பு பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவர் சம்பளத்தை உயர்த்தலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஒருவர் எழுந்து, "அவருக்குத்தான் கல்யாண வீட்டுக்காரங்க தனியா கவனிக்கிறாங்களே" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

அன்று மாலை அவரிடம் கேட்டேன்: "தவக்காலத்துல கல்யாணமே கிடையாதே, நாப்பது நாளும் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"நகையை வச்சு எடுப்பேன் சாமி. ஈஸ்டர் முடிஞ்சு மீட்டுருவேன்" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை.

நான் இந்தப் பங்குக்கு வந்து ஆறு தவக்காலம் ஆகிறது. வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு பேரவை கூடுகிறது. அவர் சம்பளத்தையும், அவருக்குப் பி.எஃப். கட்டத் தொடங்குவதையும் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போட்டிருக்கிறேன். அன்று சிரித்தவர்களில் யாராவது இப்போது வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால், தவறாமல் கூட்டத்துக்கு வாருங்கள். நானும் இருப்பேன்.

இறைவனின் ஆசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.