தோல் நகரத்துப் பிள்ளையும் மருத்துவக் கல்லூரியின் வாயிலும்

(ஆம்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், தோல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் மாலைப் படிப்பகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று கேட்டவர்கள் ஒரு கூடத்தை நிறைத்தவர்கள் மட்டுமே. ஆகவே, இதைப் படிக்கும் உங்களையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே கொண்டு எழுதியிருக்கிறேன்.)



இங்கே வந்து அமர்ந்ததும் ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். விடியுமுன் எழுந்து, சோறாக்கி வைத்து, ஷூ கம்பெனி வேன் ஏறிச் சென்று, பகலெல்லாம் காலணியின் மேல்தோலைத் தைத்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்புகிறவர் அவர். “என் மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். நாங்கள் எந்த வகுப்பிலிருந்து என்ன செய்ய வேண்டும்?” என்றார். இன்று நான் பேச நினைத்து வந்தது வேறு. அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அந்த அம்மையாருக்கு விடை சொல்வதே இன்றைய என் பேச்சு.

வேலூர் இங்கிருந்து எவ்வளவு தொலைவு? பேருந்தில் ஒரு மணி நேரம். வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி நோயாளிகள் அங்கே வருகிறார்கள். காட்பாடி நிலையத்தில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உலகம் மருத்துவம் தேடி வருகிற அந்த ஊருக்கு அருகிலே வாழும் நம் பிள்ளைகளுக்கு, அந்த வாயில் நோயாளியாக நுழையும் வாயிலாக மட்டும் இருந்துவிடலாமா?

அந்த வாயில் எப்படித் திறந்தது என்பதை முதலில் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண், இளம் வயதில், திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த தந்தையாரைக் காண வந்திருந்தார். ஓர் இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். மூவர் வீட்டிலும் மனைவியர் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது, பெண்தான் வர வேண்டும் என்றனர் மூவரும். ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை. அந்த இரவுதான் அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. 1899-ஆம் ஆண்டில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று ஏளனம் பேசினர் சிலர். வந்த விண்ணப்பங்கள் 151! ஆர்வம் நம் மண்ணில் என்றும் குறைந்ததில்லை, தோழர்களே. குறைந்ததெல்லாம் இடமும் வழியுந்தான். அப்பள்ளி 1942-இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல்தான் அங்கே ஆண்கள் சேர்க்கப்பட்டனர்.

அதற்கும் முன்னே, புதுக்கோட்டையிலே ஒரு பெண், ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டுப் பெற்றார். ஊரே எதிர்த்தது. அக்கல்லூரிப் படிப்பைக் கடந்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார் அவர். முத்துலட்சுமி என்பது அவர் பெயர். பின்னாளில் சட்ட மன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தவரும் அவரே.

இனி, பூட்டும் சாவியும் மாறி மாறி வந்த கதை. 1950-இல் சென்னை மாநிலத்தில் நான்கு மருத்துவக் கல்லூரிகள், மொத்த இடங்கள் 330. வகுப்புவாரி ஆணைப்படி ஒவ்வொரு பதினான்கு இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்டோருக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, அரிசனங்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர்–கிறித்தவர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று எனப் பங்கிடப்பட்டன. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது அந்த வழக்கின் வேடிக்கை! ஆயினும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது.

பின்னர், மாவட்டந்தோறும் மக்கள் தொகைக்கேற்ப மருத்துவ இடம் பிரித்துத் தரும் விதியொன்று இருந்தது. வட ஆற்காட்டுப் பிள்ளைக்கு வட ஆற்காட்டின் பங்கு! 1968-இல் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாதென்றது. 1984-இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி நிலையங்கள் செழித்தன. 2007-இல் அது சட்டத்தால் ஒழிந்தது. பத்தாண்டுகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சாவியாக இருந்தது. 2017-இல் நீட் தேர்வு தமிழகத்துக்கும் பூட்டாக வந்தது.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியே அத்தேர்வை எதிர்த்து வழக்காடிய நிறுவனம் என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்று நாள் நேர்முகம் வைத்து, மதிப்பெண்ணோடு மனத்தையும் நிறுத்துப் பார்த்து, தொலைதூர மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற ஒப்பந்தம் வாங்கி மாணவரைச் சேர்த்த கல்லூரி அது. 2013-இல் அது வென்றது. 2016-இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2017-இல் தன் நூறு இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மற்றவற்றைக் காலியாகவே விட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என முடிவாகச் சொல்லிவிட்டது.

அதே 2017-இல்தான் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, 1200-க்கு 1176 எடுத்தும், உச்ச நீதிமன்றம் வரை சென்று முறையிட்டும், இடம் கிட்டாமல் உயிரை விட்டார். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். அந்தச் சாவை நான் வீரம் என்று சொல்ல மாட்டேன். நம்மிடமிருந்து பறிபோன ஒரு மருத்துவர் அவர். தேர்வு தவறானால் தேர்வோடு போராடலாம். சட்டமன்றம் 2021-லும் 2022-லும் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. அந்தப் போராட்டத்துக்கும் உயிரோடிருக்கிற பிள்ளைகள்தான் வேண்டும். மனம் உடைந்த பிள்ளை வீட்டிலிருந்தால், அன்றிரவு அதைத் தனியே விடாதீர்கள் தாய்மார்களே.

சரி, தேர்வு இருக்கும் வரையில் நாம் என்ன செய்வது? இனி கூர்ந்து கேளுங்கள். படிப்பவர்கள் மெதுவாகப் படியுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு 2020 முதல் தனியே உண்டு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகளே மருத்துவக் கல்லூரி புகுந்தனர். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டோர் புகுந்தனர். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே செலுத்துகிறது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்றது.

இதில்தான் நம் பகுதியின் பெருங்குழி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்ததும் தந்தை என்ன செய்கிறார்? தோல் மண்டியில் முன்பணம் வாங்கி, வட்டிக்கும் வாங்கி, “இனி நல்ல பள்ளி” என்று பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்க்கிறார். சேர்த்த அன்றே அந்த 7.5 விழுக்காட்டு உரிமை போய்விட்டது! கடன் வாங்கி உரிமையை விற்றுவிட்டு வருகிறார் அந்த அப்பாவி. எத்தனை வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன்!

இன்னொன்று. அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் முஸ்லிம் பெரியோர்களும் கிறித்தவ மிஷனும் நிறுவிய உதவி பெறும் பள்ளிகள் பல. அவற்றில் படிப்பதும் தோல் தொழிலாளியின் பிள்ளைதான், பீடி சுற்றுகிறவரின் பிள்ளைதான். ஆனால் அவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. இது அநீதி என்பதே என் கருத்து. வறுமை, பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்தா வருகிறது? இதை மாற்றக் கேட்போம். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று இன்று நிற்கிற பெற்றோர், இன்றைய விதியை அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது படிப்பு. 180 வினா, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு. தவறான விடைக்கு ஒன்று கழியும். உயிரியலுக்கு 90 வினா, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நாற்பத்தைந்து வீதம். பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அஞ்சுவதோ இயற்பியலுக்கு. முதலில் உயிரியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வினாக்களில் ஏறத்தாழப் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன. பதினொன்றாம் வகுப்புக்கு இப்போது பொதுத் தேர்வு இல்லை என்று அந்த ஆண்டை ஓய்வாண்டாக எண்ணினால், தேர்வில் பாதியை அங்கேயே விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது; உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. ஆகவே பாடத்தைத் தமிழில் உணருங்கள். கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் அறிந்து வையுங்கள். ஐயம் வந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பது தேர்வு விதி.

இனி, முதல் முறை கிட்டாவிட்டால்? இதுதான் அந்த அம்மையாரின் உள்ளத்தில் இருந்த கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஓராண்டு முழுவதும் வெளியூர்ப் பயிற்சி நிலையமொன்றில் அடைந்து கிடந்தாள். தாயின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. இடம் கிட்டவில்லை. அடுத்த ஆண்டும் போனாள். கிட்டவில்லை. இரண்டாண்டு கழிந்தபின், கையில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. அவளும் ஷூ கம்பெனி வேன் ஏறினாள். அவள் அறிவு குறைந்தவள் அல்லள். திட்டம் போட்டவர்கள், தோற்றால் என்ன என்று எண்ணாமலே போட்டார்கள்.

அமெரிக்காவில் முதலில் நான்காண்டுக் கல்லூரிப் பட்டம், பிறகுதான் மருத்துவம். அங்கே கல்லூரி ஆண்டுகள் வீணாவதில்லை; மருத்துவம் கிட்டாவிடினும் பட்டம் கையிலிருக்கும். நம் நாட்டிலும் இன்டர்மீடியட் என்றும், பின்னர் பி.யூ.சி. என்றும், கல்லூரியில் கால் வைத்த பின்னரே மருத்துவத்துக்குப் போன காலம் உண்டு. 1978-இல் மேல்நிலைப் பள்ளி முறை வந்தபின் எல்லாச் சுமையும் பதினேழு வயதுத் தலைமேல் விழுந்தது. ஆயினும் விதி ஒன்று நமக்குச் சாதகமாக உள்ளது: 2022 முதல் நீட் எழுத வயது உச்ச வரம்பு இல்லை. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டு உரிமையும் ஒரே முயற்சியோடு தீர்ந்துவிடுவதில்லை.

ஆகவே என் யோசனை இது: இடம் கிட்டாத ஆண்டில் வீட்டில் அடைந்திராமல் கல்லூரியில் சேருங்கள். வேலூரில் 1898 முதல் ஊரிசு கல்லூரி இருக்கிறது. வாணியம்பாடியில் 1919 முதல் இஸ்லாமியாக் கல்லூரி இருக்கிறது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் பெயரால் 1965 முதல் கல்லூரி இருக்கிறது. விலங்கியலோ வேதியியலோ படித்துக்கொண்டே, காலை இரண்டு மணி நேரம் நீட்டுக்கு ஒதுக்குங்கள். ஒருமுறை முயலுங்கள், மிஞ்சினால் இருமுறை. அதற்குமேல் கிட்டாவிட்டால் உங்களுக்குப் பட்டம் இருக்கிறது. செவிலியர் படிப்பு, ஆய்வுக்கூடப் படிப்பு, இயன்முறை மருத்துவம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை இரண்டாந்தரம் என்று பேசுகிறவர்கள், இரவு இரண்டு மணிக்குச் செவிலி ஒருத்தி காப்பாற்றிய உயிரைக் கண்டதில்லை.

அப்படியும் ஏன் மருத்துவமே வேண்டும் என்கிறேன்? தோல் பதனிடும் தொட்டியில் இறங்கி நச்சுவாயு தாக்கி மாண்டவர்களை நீங்கள் அறிவீர்கள். குரோமியப் பொடியில் கை வைத்து ஆறாப் புண் கண்டவர்கள், மூக்கின் நடுத்தண்டு துளைபட்டவர்கள் யாரென்பதும் தெரியும். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கிடந்த பத்துத் தொழிலாளர் மடிந்தனர். பாலாற்றங்கரையில் 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. இந்த நோய்களைப் பாடப்புத்தகத்தில் படித்தறிந்த மருத்துவர் வருவார், மருந்து எழுதுவார். ஆனால் ஒரு தொழிலாளி கையை நீட்டியதும், “எந்த ஷாப், எந்தத் தொட்டி, கையுறை கொடுத்தார்களா?” என்று முதல் கேள்வி கேட்க, அந்தத் தொட்டியின் நாற்றத்தோடு வளர்ந்த பிள்ளைக்குத்தான் தோன்றும்.

அம்மையாரே, உங்கள் மகள் எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி என்றீர்கள். அங்கேயே இருக்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் எந்தெந்தப் பள்ளி என்பதற்கான சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் இப்போதே பெயர்ப் பிழையில்லாமல் வாங்கி வையுங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரின் தலைப்பெழுத்து ஒன்றாகவே இருக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் நானும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். சான்றிதழ்களை எடுத்து வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.