பல் சுத்தம் செய்த பிறகும் முரசில் ஏன் இரத்தம் வருகிறது?

(பிள்ளைக் காமராவில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம். போன வருஷம் முரசு வீங்கி இரத்தம் வடிந்த 11 பேரை இந்த டிவிசனிலிருந்து பல் கிளினிக்குக்கு அனுப்பினோம். ஈறு என்று சொல்கிறோமே, அதுதான் முரசு. டொக்டர் பல்லில் இறுகியிருந்த காறையைச் சுரண்டி எடுத்தார். 2 கிழமை கழித்து ஓர் அக்கா எங்களிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "ஐயா, நல்லா இருந்த பல்லைச் சுரண்டி ஆட வச்சிட்டாங்க. பல்லு நீண்டு போச்சு. தண்ணி பட்டா கூசுது. இன்னமும் ரெண்டு எடத்தில ரத்தம் வருது" என்றார். அந்தப் பேச்சு லயம் லயமாகப் போய், மறுபடி காட்ட வேண்டிய 11 பேரில் 4 பேர்தான் போனார்கள்.

பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது. போங்கள் என்று சொன்னோமே ஒழிய, போய் வந்த பிறகு வாயில் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை.

பல்லும் முரசும் சேருகிற இடத்தில் கிருமி படிகிறது. உடம்பு அதைச் சும்மா விடாது. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் ஓடி வந்து சண்டை பிடிக்கும். வீக்கமும் சிவப்பும் இரத்தமும் அந்தச் சண்டையால் வருவதுதான். லயத்தில் தீப்பிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? அடுத்த காம்பராவுக்குப் பரவாமல் இருக்கக் கூரைத் தகரத்தைப் பிடுங்கி எறிகிறோம். உடம்பும் அப்படித்தான். கிருமியைக் கொல்ல அணுக்கள் விடுகிற சாறு, பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் அரிக்கிறது. எலும்பும் கரைகிறது. பல் ஆடுவது அதனால்தான், சுரண்டியதால் அல்ல. அதுவரை வீக்கமும் காறையும் அந்தச் சேதத்தை மூடி வைத்திருந்தன. வீக்கம் வடிந்து முரசு சுருங்கியதும் பல் நீளமாகத் தெரிகிறது, வேர் வெளியே வந்து கூசுகிறது. கூச்சம் பெரும்பாலும் சில கிழமைகளில் குறைந்துவிடும்.

ஆனால் இரத்தம் நிற்க வேண்டும். அது சில கிழமை கழித்தும் வந்தால் சண்டை ஓயவில்லை என்று அர்த்தம். ஆழமான பள்ளத்தில் காறை மிஞ்சியிருக்கலாம், இல்லாவிட்டால் கிருமி திரும்பக் குடியேறியிருக்கலாம். பழைய எதிரியை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் முரசில் தங்கியும் இருக்கும். கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலே மறுபடி கிளம்பிவிடும். அதனால்தான் 2, 3 மாதத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஹரால்ட் லோ என்ற பல் வைத்தியரும் அவருடைய ஆட்களும் இலங்கைக்கு வந்து, 2 தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். அவர்கள் யாருக்கும் பல் துலக்கும் பழக்கம் இல்லை. எல்லாருக்கும் காறை, எல்லாருக்கும் முரசு வீக்கம். ஆனாலும் 100க்கு 8 பேருக்குத்தான் நோய் வேகமாகப் போனது. 81 பேருக்கு மிதமான வேகத்தில் போனது. 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. வாயில் ஒரே அழுக்கு இருந்தாலும் ஆளுக்கு ஆள் உடம்பு சண்டை பிடிக்கிற விதம் வேறு என்பதை உலகத்துக் காட்டியது நம் தோட்டத்து ஆட்களின் வாய்தான். "எங்கப்பா சாகும்வரை பல்லு விளக்கல, ஒரு பல்லும் விழல" என்று சொல்கிறவர்கள், அவர் அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?

சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் முரசு இலேசில் ஆறாது. அந்த அக்காவை நாங்கள் கெஞ்சிக் கூட்டிப் போனபோது இரத்தத்தையும் சோதித்தார்கள். சீனி கூடுதலாக இருந்தது. அவருக்கே அதுவரை தெரியாது. மருந்து தொடங்கி, பள்ளத்தை மறுபடி சுத்தம் செய்தார்கள். ஒரு கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை இருக்கின்றன. இப்போது எங்களோடு சண்டையும் இல்லை.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும் சுருட்டு, பீடி பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீடியும் சுருட்டும் பிடித்தால் முரசில் இரத்தம் குறைவாகத்தான் வரும். சுகம் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகையிலைக்காரர் வாயில் புற்றுநோய்க்கான வெள்ளைப் படை இருக்கிறதா என்பதையும் டொக்டர் பார்ப்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.

கரியும் செங்கல் தூளும் வேண்டாம். மெதுவான பிரஷ், இரவில் படுக்குமுன் ஒருமுறை கட்டாயம். இரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடுகிறோம், அதுதான் நாம் எல்லாரும் செய்கிற பிழை. அந்த இடத்தைத்தான் மெதுவாகத் துலக்க வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. அரைப் பேர் போகுமே என்ற கவலை உங்களுக்கு இருப்பது எங்களுக்குத் தெரியும். அது பற்றித் துரையிடம் பேசியிருக்கிறோம். போகாமல் நின்ற 7 பேரும் கூட்டம் முடிந்ததும் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள். கிளினிக் துண்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை.